கயிற்றக்காவும் என் கதவுகளும்

என் தங்கையைப் பிள்ளைகள் கயிற்றக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள், வேலை ஒன்பதரைக்கு. அதற்கு முன்பே பதினான்கு பிள்ளைகளை வீடு வீடாகச் சேர்த்துப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போவாள். ஒரு நீளக் கயிறு, அதில் பதினான்கு முடிச்சு, ஆளுக்கு ஒன்று. "முடிச்சை விட்டா மூக்கை அறுத்துருவேன்" என்பாள். யாரும் பயந்ததில்லை, முடிச்சை விட்டதும் இல்லை. என் கடைக்கு வருகிற ஒருவரிடமாவது இதைச் சொல்லாமல் இருந்திருப்பேனா!

நான் தச்சன். காலையில் முதல் வேலையாக, செய்து முடித்த கதவுகளை நடைபாதையில் அடுக்குவேன். சாலைக்குள் ஒரு நூல்கூட நீட்டக் கூடாதென்று சாக்பீஸ் கோடு போட்டு, அதற்குள்தான் வைப்பேன். பிறகு தெருவுக்கு முதுகைக் காட்டி இழைக்க உட்கார்ந்துவிடுவேன்.

போன மாதம், நாற்காலி பழுதுபார்க்க ஓர் அம்மா வந்தார். மகளை ஸ்கூட்டரில் கொண்டுவிடுகிறவர்.

"பாப்பாவை என் தங்கச்சியோட அனுப்பலாமே?"

"அனுப்பிட்டுத்தான் இருந்தேன். நிறுத்திட்டேன்."

"ஏன், அவகிட்ட என்ன குறை?"

"அவங்ககிட்ட ஒண்ணும் இல்லைங்க. இந்த இடத்துல பிள்ளைங்க ரோட்டுல இறங்க வேண்டியிருக்கு. அன்னைக்கு ஒரு லாரி உரசற மாதிரி போச்சு. பாப்பா இன்னும் நடக்கப் பயப்படறா."

என் கோட்டைப் பார்த்தேன். சாலையை விட்டுவைத்திருந்தேன், நடைபாதையில் ஒரு கால் வைக்க இடமில்லை.

மாலையில் தங்கையிடம் கேட்டேன். "ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா கதவை எங்கே வைப்பே? கடையே தீப்பெட்டி."

"அதுக்காக?"

"விடுண்ணா. நான்தான் பார்த்துக் கூட்டிட்டுப் போறேனே."

மறுநாள் விடிந்ததும் கதவுகளை உள்ளே அடுக்கினேன். இப்போது நான் பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். அந்த அம்மா வீட்டுக்கும் போனேன்.

"தப்பு என் மேலங்க. அவளை நம்பி அனுப்புங்க."

"நானும் கூட நடந்து பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

அடுத்த நாள் வாசலில் நின்றேன். பாப்பா கடைசி முடிச்சைப் பிடித்திருந்தாள். பின்னால் அவள் அம்மா. கடையை நெருங்கியதும் முன்னால் வந்த சின்னவன் கத்தினான்:

"அக்கா, ஓடற இடம் வந்துருச்சு!"

பிள்ளைகள் என் கடைக்கு வைத்திருந்த பெயர் அது. தங்கை என் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னைக்கு ஓட வேண்டாம். மெதுவா நடங்க" என்றாள்.