கத்தியைத் தொடாதவள்

கரும்பலகையில் இரண்டே வரிகள் இருந்தன. ஒன்று ஆசையைப் பற்றியது, மற்றொன்று குற்றத்தைப் பற்றியது. திருச்செங்கோட்டில் ஒரு கல்லூரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த அஞ்சல்வழி எம்.ஏ. வகுப்பு அது. பேராசிரியர் பழைய ஆங்கிலத் துன்பியல் நாடகம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். அரியணைக்கு ஆசைப்பட்டுத் தன் அரசனையே கொல்கிற ஒரு தளபதி, அவனைத் தூண்டிவிடுகிற மனைவி. முக்கியமான வரிகளைக் கொடுத்து, யார் சொன்னது, ஏன் சொன்னது என்று தேர்வில் விளக்கம் எழுதச் சொல்வார்கள். அன்று பிற்பகல் வரைக்கும் எனக்கு அது வெறும் மதிப்பெண் சமாச்சாரம்தான்.

என் பக்கத்தில் எப்போதும் உட்காருபவர் ஆட்டையாம்பட்டியிலிருந்து வரும் அக்கா. எங்களில் பெரும்பாலோர் தனியார் பள்ளி ஆசிரியைகள்; வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் படித்தோம். அக்காவுக்கு அந்த நெருக்கடி கிடையாது. கல்யாணத்தால் விட்டுப்போன படிப்பை நடுவயதில் தொட்டவர். கணவர் ஒரு காலத்தில் போர்வெல் போடும் ரிக் வண்டி சொந்தமாக வைத்து ஓட்டினார், இப்போது அதை விற்றுவிட்டுத் தோட்டம் பார்க்கிறார் என்று மட்டும் சொல்லியிருந்தார். மதியச் சாப்பாட்டை எனக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வருவார். "பஸ்ஸேறி அத்தனை தூரத்துல இருந்து வார்றே, தின்னு கண்ணு" என்பார்.

ஒருநாள் சாப்பிடும்போது என் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். ரிக் வண்டியில் வேலைக்கு வடக்கே போனவன் உடலாகத்தான் எங்கள் ஊர் எடப்பாடிக்குத் திரும்பினான். குடித்துவிட்டு வண்டிக்கு அடியில் போய் நின்றான், மேலேயிருந்து துளைபோடும் இரும்பு ராடு விழுந்துவிட்டது என்றார்கள். அவன் குடித்து நாங்கள் பார்த்ததில்லை. ஆனாலும் நம்பினோம். வண்டி முதலாளியை உடல் வந்த அன்று ஒரே முறை பார்த்திருக்கிறேன். அவர் வீட்டுப் பெண்களைப் பார்த்ததே இல்லை. அக்கா அவன் செத்த ஊரின் பெயரைக் கேட்டார், அண்ணன் பெயரைக் கேட்டார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். அவர் அதற்குப் பிறகு சாப்பிடவில்லை என்பதை நான் கவனித்தேன். உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் இரண்டு வரிகளையும் சொல் சொல்லாகப் பிரித்தார். ஆசையைப் பேசும்போது அந்த மனைவியிடம் எவ்வளவு தெம்பு, குற்றம் வந்து பிடித்ததும் எப்படி உடைந்து போகிறாள் என்று காட்டினார். "கொலை செய்தது கணவன். அவள் கத்தியால் குத்தவில்லை, சொன்னது மட்டும்தான். குற்ற உணர்வு பின்னால்தான் வருகிறது. இதை எழுதினால் முழு மதிப்பெண்" என்றார்.

அக்கா எழுந்தார். வகுப்பில் அவர் வாய் திறந்து கேட்டதே இல்லை.

"பொறவு வர்றதில்லீங்க சார். சொல்றப்பவே தெரியுமுங்க. தெரிஞ்சுதான் சொல்றது."

பேராசிரியர் சிரித்தபடி, "நாடகத்தில் அதற்கு ஆதாரம் இருக்கிறதா அம்மா?" என்றார்.

"நாடகம் எனக்குத் தெரியாதுங்க. எங்கூட்டுக்காரர் போன் பண்ணி, ராடைத் தூக்கற இரும்பு வடம் நைஞ்சு போச்சு, நிறுத்திட்டு மாத்தட்டுமான்னு கேட்டாருங்க. ரெண்டாவது வண்டி எடுக்கோணும்னு எனக்கு வெறி. இந்த ஒரு போரை முடிச்சுட்டு மாத்திக்கலாம்னு சொன்னனுங்க. வடம் அறுந்து ஒரு பையன் போயிட்டான். குடிச்சிருந்தான்னு சொல்லச் சொன்னதும் நாந்தான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்கண்ணன் குடிக்கல கண்ணு."

யாரோ பேனாவைக் கீழே போட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவர் கையால் எத்தனை வாரம் சாப்பிட்டிருக்கிறேன் என்ற ஒரே நினைப்புதான் வந்தது. வெளியே ஓடி வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தேன். எந்தப் பேருந்தில் ஏறினேன், எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. அம்மாவிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

அடுத்த ஞாயிறு நான் வகுப்புக்குப் போகவில்லை. அக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். தெரு முழுக்கத் தறிச்சத்தம். கதவை மறித்துக்கொண்டு நின்றேன். "யாரு சாமி? உள்ள வரச் சொல்லு" என்று அம்மா கூப்பிட்டாள்.

அக்கா உட்காரவில்லை. வகுப்பில் சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் அம்மாவிடம் சொன்னார். செத்தவனை இத்தனை வருஷமாகக் குடிகாரப் பயல் என்று திட்டியே வந்தவள் அம்மா. வீட்டில் அவன் படம்கூட மாட்டவில்லை. அவள் பாய்வாள், அறைவாள், தெருவைக் கூட்டுவாள் என்று காத்திருந்தேன்.

அம்மா பாயை விரித்தாள். "உக்காருங்க அம்மிணி" என்றாள். தானும் எதிரே உட்கார்ந்தாள். தரையைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"எனக்கும் போன் பண்ணுனானுங்க. வடம் நைஞ்சு கெடக்குது, பயமா இருக்குது, ஊட்டுக்கு வந்தர்றேம்மான்னான். ஊடு கட்டற வேல பாதியில நிக்குது, இன்னும் ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கடான்னு சொன்னேன். அவன் குடிச்சுட்டுச் செத்தான்னு நீங்க சொல்லி அனுப்புனப்ப…"

அம்மா பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"எனக்கு நிம்மதியா இருந்துச்சு அம்மிணி."

அக்காவைக் கேட்க ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் எல்லாம் என்னிடமிருந்து போய்விட்டன. எந்தப் பெண்ணைப் பார்ப்பது என்று தெரியவில்லை. அண்ணாந்து பார்த்தேன். மேலே அண்ணன் பார்க்காத கான்கிரீட் கூரை.

அக்கா அந்தத் தேர்வை எழுதவில்லை. நான் எழுதினேன். குற்றத்தைப் பற்றிய அதே வரி வந்தது. வேறு கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு வந்தேன். இப்போது அண்ணன் படம் கூடத்தில் இருக்கிறது. எப்போதாவது அக்கா வருகிறார். இரண்டு பேரும் அதே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அம்மா, "எம் பையன் குடிக்கலீங்க, வடம் அறுந்துதான் போனான்" என்கிறாள். அந்தப் போன் பேச்சை மட்டும் சொல்வதில்லை. சொல்லும்படி அக்காவும் கேட்பதில்லை.