விற்பனைக்கு இல்லாத சிவப்புப் பெட்டி

பர்மா அரக்குச் சாமான் சேர்த்து விற்கிறவன் வீட்டில், வாசல் மணி அடிக்கிற எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும். எங்கள் வீட்டுக் கூடம்தான் என் கடை. முதலமடையில் மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிற வீடு. மரத்தில் கடைந்து அரக்குப் பூசிய மரவைகள், கிண்ணங்கள், வெற்றிலைப் பெட்டிகள் எல்லாம் கண்ணாடி அலமாரிகளில் சௌகரியமாக இருக்கின்றன. மிச்சம் இருக்கிற இடத்தில் நானும் என் மனைவி தனலட்சுமியும் இருக்கிறோம். பழைய சாமான் மோகம் பிடித்து வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

செக்போஸ்ட்

நான் வாங்கிய முதல் சாமான் ஒரு சிவப்பு வெற்றிலைப் பெட்டி. மூணாறு பக்கம் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் இருக்கும் ஜெசிந்தா அக்காவிடம் வாங்கியது. அவருடைய மாமியார் சிறு பெண்ணாக ரங்கூனில் கப்பலேறியபோது கூடவே வந்த பெட்டி. கூரை ஒழுகுகிறது, எலி கடிக்கிறது என்று மனசில்லாமல் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு நிபந்தனையும் போட்டார். யாருக்கும் விற்கக் கூடாது, என்றைக்காவது அவர் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பெட்டிக்காக அன்றைக்கு எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டியிருப்பேன், ஆட்டிவிட்டேன்.

மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மாநில எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்ட்டில், பஸ்ஸில் ஏறிய மலையாளக் காவலர் திறக்கச் சொன்னார். மூடியை எடுத்தார், உள்தட்டை எடுத்தார், அதற்கடியில் இருந்த தட்டையும் எடுத்து முகர்ந்து பார்த்தார். இது பர்மா வேலைப்பாடு, வெற்றிலைப் பெட்டி என்று விவரமாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெத்தலப் பெட்டியாணெங்கில், பின்னே வெத்தல எவிடே?"

தண்ணீர் டம்ளர்

எங்கள் ஊர்க் காற்று அரக்குக்கு ஆகாது. மார்கழி, தையில் கணவாய் வழியாக வீசுகிற வறண்ட காற்றில் நம் உதடு வெடிக்கிற மாதிரி அரக்கும் வெடிக்கும். அதனால் அலமாரிக்குள், சிவப்புப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பேன். உள்ளே கொஞ்சம் ஈரம் நிற்கும். காலையில் எழுந்ததும் அதை நிரப்புவதுதான் முதல் வேலை. செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி தனலட்சுமி ஒரு வருஷமாகச் சொல்கிறாள், அதற்கு இன்னும் முறை வரவில்லை.

பக்கத்துத் தோட்டத்துப் பொன்னுசாமி அண்ணன் மாங்காய் லாரிக்கு வழிவிடுவது பற்றிப் பேச வந்தார். அலமாரியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கைகட்டி நின்றார். கண்ணை மூடித் திறந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏனுங்க தம்பி, உள்ளுக்குள்ள இருக்கறது எந்தச் சாமிங்க?"

கோபுரப் பாத்திரம்

பர்மாவில் புத்த மடத்துக்குச் சோறு கொண்டுபோகும் பாத்திரம் ஒன்று உண்டு. மூடி அடுக்கடுக்காக உயர்ந்து கோபுரம் மாதிரி கூராக முடியும். கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலை மேலாளர் ஒருவர் வீட்டுக் கூடத்தில், வெயில் படாத இடமாகப் பார்த்து அதை நானே வைத்துக் கொடுத்தேன். உள்ளே எதையும் வைக்காதீர்கள் என்று மூன்று தடவை சொன்னேன்.

மூன்று மாதம் கழித்துப் போனேன். பாத்திரத்தின் வயிற்றில் ஓட்டை, ஓட்டை வழியாக ஒயர். மூடியைத் தூக்கினால், பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு வைஃபை பெட்டி சுடச்சுட உட்கார்ந்திருக்கிறது. நான் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். அந்த வீட்டு அம்மாவுக்கோ முகமெல்லாம் பெருமை. "ராசியான சாமானுங்க. இதுக்குள்ள வெச்சதுக்கப்புறம் மாடியிலயும் சிக்னல் எடுக்குதுங்க."

அமுக்கிக் காட்டியது

குதிரை முடியில் பின்னி அரக்குப் பூசிய கிண்ணம் என்னிடம் ஒன்று இருக்கிறது. அமுக்கினால் இரண்டு விளிம்பும் தொட்டுக்கொள்ளும், விட்டால் பழையபடி விரிந்துவிடும். வருகிறவர்களுக்கெல்லாம் அதை அமுக்கிக் காட்டுவதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு டாக்டரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அவர்கள் வாய் பிளப்பதைப் பார்க்கிற ஆசையில், கண்ணை அவர்கள் முகத்தில் வைத்துக்கொண்டு கையை மட்டும் அலமாரிக்குள் விட்டேன். எடுத்தது பக்கத்தில் இருந்த கீறல் விழுந்த மரவை. ஓர் அமுக்கு, மடக்கென்று ஒரு சத்தம், கைக்கு ஒரு துண்டு. அடுக்களையிலிருந்து தனலட்சுமி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, அதுக்குச் சோடி ஒண்ணு இருக்குதுங்களே, அதையும் அமுக்கிக் காட்டிருங்க."

கேட்டு வந்த நாள்

கொச்சிக்காரர் ஒருவர் அந்தச் சிவப்புப் பெட்டிக்காக என் வீட்டுக்கு நாலு நடை நடந்தார். கொடுத்த வாக்குக்காக நாலு தடவையும் இல்லை என்றேன். அந்தப் பெருமையில் இருந்தபோதுதான் ஜெசிந்தா அக்கா போன் செய்தார். மகளுக்கு நிச்சயதார்த்தம், தட்டு மாற்றும்போது வெற்றிலை பாக்கை அந்தப் பெட்டியில்தான் வைக்க வேண்டுமாம். பெட்டி வெடித்துவிட்டது என்று ஒரு பொய் என் தொண்டை வரை வந்தது. எதிரே தனலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

வந்தார், துண்டில் சுற்றி எடுத்துப் போனார். திருப்பித் தருவதாக அவர் சொல்லவில்லை, கேட்க எனக்கும் வாய் வரவில்லை. கேட்டால் கொடுக்கிறேன் என்றுதானே வாங்கினேன்? காலி இடத்துக்குப் பக்கத்தில் தினமும் தண்ணீரை மட்டும் நிரப்பி வைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கேலி பேசுகிற தனலட்சுமியே அந்த இரண்டு நாளும் சும்மா இருந்தாள்.

பதினோராம் நாள் வாசலில் மணி அடித்தது. ஜெசிந்தா அக்கா, கையில் அதே துண்டு. பிரித்து மூடியைத் திறந்தார். பெட்டி நிறைய ஏலக்காய், கூடமே மணத்தது. இது உங்கள் பெட்டி அக்கா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று, மனசு அடித்துக்கொள்ள, வாயால் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே அலமாரியைத் திறந்து, டம்ளருக்குப் பக்கத்தில் பழைய இடத்திலேயே பெட்டியை வைத்தார். "கட்டிக் குடுத்த பொண்ணு பொறந்த வீட்டு விசேசத்துக்கு வந்தா திரும்ப அனுப்பாம இருப்பமா அண்ணாச்சி? வெறுங்கையா அனுப்பக் கூடாதுன்னுதான் ஏலக்கா வச்சுக் கொண்டாந்தேன்."

சாமான் வாங்கப் போய்ச் சம்பந்தியாகிவிட்டதால், இனி மூணாறு பக்கம் வெறுங்கையோடு தலைகாட்ட முடியாது என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட லாபம்.