வேப்பிலை விழாத கூழ்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஐந்தாவதோடு நின்றவன் நான். மகள் திருத்தித் தருவதாகச் சொன்னாள். திருத்தினால் அவள் எழுதியது போல ஆகிவிடும் என்று கொடுக்கவில்லை. எங்கள் நாடகத்தை எழுதிய மேடம் மாற்றலாகிப் போகும்போது, "அன்னைக்கு மேடையில நடந்ததை நீங்களே ஒருநாள் எழுதி வையுங்க" என்று கேட்டுக்கொண்டார். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

நானும் என் நண்பனும் சதுரங்கப்பட்டினம் பக்கத்தில் ஒரே காலனி. இருவர் வீட்டிலும் பெரியவர்கள் ஊரார் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். நான் பக்கத்து அணுமின் நிலையத்து டவுன்ஷிப்பில் தோட்ட வேலை செய்கிறேன், காண்டிராக்ட்தான். அவன் ஐஸ் உடைத்து, லாரியில் கிளீனராகப் போய், கடைசியில் மாமல்லபுரத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தான். சின்ன வயதிலிருந்தே பேசுவது அவன், கேட்பது நான். எனக்கு ஒரு சட்டை வாங்க வேண்டும் என்றாலும் கடைக்காரரிடம் அவன்தான் பேசுவான். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது பெண் கேட்ட கேள்விக்கும் அவனே பதில் சொல்லிவிட்டான். என் மனைவி இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

எங்கள் ஊரில் ஆடி மூன்றாவது ஞாயிறு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். வீட்டுக்கு வீடு கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, கோயிலுக்கு எடுத்துப் போய்ப் பெரிய அண்டாவில் கொட்டுவோம். பூசாரி கற்பூரம் காட்டி, அண்டாவில் ஒரு கொத்து வேப்பிலையைப் போடுவார். அதன் பிறகுதான் எல்லோரும் குடிக்கலாம். திரும்பும்போது ஒவ்வொரு வீட்டுத் தூக்கிலும் கூழை மொண்டு ஊற்றி, மேலே இரண்டு வேப்பிலை கிள்ளிப் போட்டுத் தருவார். சிறு வயதில் நாங்கள் இருவரும் அங்கேயே உட்கார்ந்து வயிறு முட்டக் குடிப்போம். எழுந்து நடந்தால் வயிற்றுக்குள் கூழ் ஆடும் சத்தம் கேட்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் அவன் மனைவி பிரசவத்துக்குப் பிறகு படுத்துவிட்டாள். காய்ச்சல், யாரையும் அடையாளம் தெரியாத பேச்சு. காற்று கருப்பு என்று பயந்து எங்கள் ஆட்கள் வாசலோடு திரும்பினார்கள். ஜெபவீட்டுப் பெண்கள் சிலர்தான் தினமும் வந்து குழந்தையைக் குளிப்பாட்டி, துணி துவைத்து, கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமும் செய்தார்கள். ஆஸ்பத்திரி மருந்தும் ஓடியது. மழைக்காலம் முடியும்போது அவள் எழுந்து நடமாடினாள். அவன் யாருடைய சாமி என்று விவாதம் எதுவும் செய்யவில்லை. "மச்சான், நான் அவங்களோட போறேன்" என்று மட்டும் சொன்னான்.

பழைய கோட்டையைத் தாண்டிக் கடற்கரையில் அவனுக்கு ஞானஸ்நானம். என்னையும் கூப்பிட்டான். மற்றவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் அவன் சட்டையையும் செருப்பையும் வைத்துக்கொண்டு மணலில் நின்றேன். பாஸ்டர் அவனை இடுப்பளவுத் தண்ணீரில் மல்லாக்கச் சாய்த்து முக்கி எடுத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு அலை வந்து இரண்டு பேரையும் சேர்த்து முக்கியது. தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நேராக என்னிடம் வந்தான்.

"இன்னா மச்சான், மாறிட்டனா?"

"மீசையில மண்ணு கீது."

"அத்த வுடு. உள்ள?"

"உள்ள எனக்கு எங்க தெரியும்? துண்டு இந்தா, தொடச்சிக்க."

சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இவன் இனி நம்மோடு ஒரு தட்டில் கை வைப்பானா என்ற கவலையோடு பஸ் ஏறினேன்.

அடுத்த ஆடி வந்தது. படைத்ததை அவர்கள் சாப்பிடக்கூடாது. அவன் கோயில் பக்கமே வரவில்லை. நான் கூழைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்தால், என் மனைவி மூடி வைத்திருந்த ஒரு தூக்கைக் காட்டினாள்.

"கோயிலுக்கு எடுத்தும் போறதுக்கு முன்னாடியே அண்ணனுக்கு மொண்டு வெச்சிட்டேன். இது சாமிகிட்ட போவல. கொண்டும்போய் குடு."

அவன் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான். வேப்பிலை இல்லை. வாசலில் நின்றபடியே குடித்து முடித்து, தூக்கைக் கழுவிக் கொடுத்தான். அதன் பிறகு ஒவ்வொரு ஆடியிலும் எங்கள் வீட்டில் முதல் கரண்டி அவனுக்கு. அம்மனுக்கு அதற்கு அப்புறம்தான். அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மேடத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம். அவர் கணவர் டவுன்ஷிப்பில் வேலை பார்த்தார். மேடம் அங்குள்ள மன்றத்தில் நாடகம் போடுவார். ஒருநாள் அவன் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தார். நான் முன்னால் அவன் பக்கத்தில் பாதி உட்கார்ந்தும் பாதி தொங்கியும் வந்தேன். நெடுநாளாக மனதில் கிடந்ததை அன்று கேட்டுவிட்டேன்.

"மச்சான், உங்க கணக்குக்கு நான் நரகத்துக்குத்தான் போவனா?"

அவன் இரண்டு ஸ்டாப்பில் ஆள் இறக்கி, ஆள் ஏற்றினான்.

"உனுக்காவ தெனிக்கும் ஜெபம் பண்ணிகினுதான் கீறேன்" என்றான் கடைசியில்.

"நானும் உனுக்காவ அம்மனுக்கு வெளக்கு போடறேன். அதுக்குப் பதிலு இது இல்லியே."

"மேல போயி நான் சொல்றேன் மச்சான். உள்ள எடம் இல்லன்னாலும், இந்த மாதிரி ஓரமா தொத்திகினு வர்றதுக்கு வுட மாட்டாங்களா?"

பின்சீட்டில் மேடம் சிரித்துவிட்டு, கண்ணையும் துடைத்துக்கொண்டார். இறங்கும்போது, "நீங்க ரெண்டு பேரும் பேசினதை நான் நாடகமா எழுதலாமா? நீங்களே நடிக்கணும்" என்றார். அவன் உடனே சரி என்றான். எனக்கும் சேர்த்துத்தான்.

ஒத்திகை மேடம் வீட்டுக் கார் ஷெட்டில். மேடையில் இரண்டே பேர், இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். சிறுவர்களாகத் தொடங்கி நரை விழும் வரைக்கும் கதை. அவனும் ஐந்தாவதுதான், ஆனால் வேதம் படித்துப் படித்து அவனுக்கு வாசிப்பு ஓடும். அவன் வாசிப்பான், நான் காதால் கேட்டு மனப்பாடம் செய்தேன். செடிக்குத் தண்ணீர் விடும்போது வசனத்தைச் செடியிடம் சொல்வேன். எழுதியதற்கு மேல் ஒரு சொல் என் வாயில் வராது. மேடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "உங்க இஷ்டத்துக்கு ஒரு வார்த்தை சேர்த்துப் பேசுங்க." நான் எழுதியதையே திரும்பச் சொல்வேன்.

கடைசிக் காட்சியில்தான் சிக்கல். இத்தனை வருடம் குடிக்காதவன், வயதான நண்பன் கொடுத்த கோயில் கூழை வாங்கிக் குடிக்கிறான், விளக்கு அணைகிறது. மேடம் எழுதியது அப்படி.

அவன் பேப்பரை மடித்து வைத்தான். "மேடம், கோவிச்சிக்காதீங்க. படைச்சத நான் நடிப்புக்குக்கூட குடிக்க மாட்டேன்."

"வெறும் தண்ணி வைக்கலாமா?"

"அதுவும் பொய்யாப் பூடும். கூழுதான் வெக்கணும். இவன் வூட்ல எனுக்குன்னு முன்னாடியே மொண்டு வெப்பாங்க. அதக் குடிக்கிறேன். பாக்கறவங்க கோயில் கூழுன்னு நெனச்சிக்கட்டும்."

மேடம் ஒத்துக்கொண்டார். அன்று வீட்டுக்குப் போகும்போது அவன் ஆட்டோவை நிறுத்தி என் தோளில் கை வைத்தான். "உன்ன நம்பித்தான் மச்சான் குடிக்கிறேன். பாத்து எடுத்தா."

நாடகம் எங்கள் கூழ் ஊற்றும் ஞாயிறு சாயங்காலமே அமைந்தது. காலையில் கோயில் வேலை, மத்தியானம் விருந்தாளிகள். வீட்டில் ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் தூக்கு. மனைவி அவனுக்கு மொண்டதை அடுப்படியில் வைத்திருந்தாள். கோயிலிலிருந்து வந்தது அலமாரியில் இருந்தது. நான் அலமாரியில் இருந்ததை எடுத்துக்கொண்டு ஓடினேன். வெங்காயமும் மாங்காய்க் கீற்றும் பொட்டலம் கட்டிக்கொண்டேன். மூடியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. வசனம் மறந்துவிடுமோ என்ற பயம் மட்டுமே மண்டையில் இருந்தது.

மன்றம் நிறைந்திருந்தது. முன்பக்கம் ஆபீசர்மார், பின்னால் எங்கள் காலனி ஆட்கள், ஓரமாக ஜெபவீட்டு ஆட்கள், பாஸ்டர். நரகத்தைப் பற்றி நான் கேட்கும் இடத்தில் யாரும் இருமக்கூட இல்லை. எல்லாம் ஒழுங்காகப் போய்க் கடைசிக் காட்சி வந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து தூக்கின் மூடியைத் திறந்தேன்.

இரண்டு வேப்பிலை மிதந்தது.

திறந்த மூடி உள்ளே இருந்ததைக் கூட்டத்துக்கு மறைத்தது. ஒரு விரலால் இலையை எடுத்து ஸ்டூலுக்குக் கீழே போட்டால் யாருக்கும் தெரியாது. அவனும் குடித்திருப்பான். எல்லோரும் கை தட்டியிருப்பார்கள். அடுத்த வசனம் "குடி மச்சான்" என்பது. அவன் சொம்பை நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

"குடிக்காத மச்சான்" என்றேன்.

வசனத்தை மறந்துவிட்டேன் என்று நினைத்து அவன் உதட்டை அசைக்காமல் எடுத்துக் கொடுத்தான். "குடி மச்சான், சொல்லு."

"குடிக்காத. இது அது இல்ல. கோயிலுக்குப் போய்ட்டு வந்தது."

எட்டிப் பார்த்தான். இலையைப் பார்த்துவிட்டான். சொம்பை மெதுவாகக் கீழே வைத்தான். நான் வாழ்நாளில் முதல் தடவையாக, எழுதாத பேச்சை இத்தனை பேர் முன்னால் பேசிவிட்டு, அவன் வாயைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

"அப்போ என்னுது எங்க?"

"வூட்ல கீது. அவசரத்துல மாத்தி எடுத்தாந்துட்டேன்."

பின்வரிசையிலிருந்து என் மனைவி, "அடுப்படியில இருந்தத எடுன்னு சொன்னனேய்யா!" என்று கத்தினாள். மன்றமே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. தன் ஸ்டூலை இழுத்து என் ஸ்டூலோடு முட்டும்படி போட்டு உட்கார்ந்தான்.

"செரி. நீ குடி. நான் பக்கத்துல உக்காந்துகினு கீறேன்."

நான் குடித்தேன். கூழ் மோவாயில் வழிந்தது. அவன் தோளில் இருந்த துண்டால் அதைத் துடைத்துவிட்டான். பிறகு பொட்டலத்தைப் பார்த்தான்.

"வெங்காயம் படைச்சதா?"

"இல்ல. கடையில வாங்கனது."

"அப்போ குடு."

நான் கூழ் குடிக்க, அவன் பக்கத்தில் உட்கார்ந்து பச்சை வெங்காயத்தை நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் தண்ணீர். வெங்காயம் என்று பிறகு சொன்னான். விளக்கை எப்போது அணைப்பது என்று தெரியாமல் மேடம் வெகுநேரம் அப்படியே விட்டுவிட்டார்.

வெளியே வந்ததும், சிலர் அவன் குடித்திருக்கலாம் என்றார்கள். அவன் மேடையே ஏறியிருக்கக்கூடாது என்று ஜெபவீட்டில் ஒருவர் சொன்னாராம். பாஸ்டர் மட்டும் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். மறுநாள் காலை முதல் சவாரிக்கு முன்னால் எங்கள் வாசலில் ஹாரன் அடித்தது.

"தங்கச்சி, என்னுது கீதா?"

"புளிச்சிப் பூட்ச்சிண்ணா."

"புளிச்சாத்தான் கூழு. எடுத்தா."

மேடம் கடைசிக் காட்சியை மாற்றி எழுதினார். செங்கல்பட்டிலும் மாமல்லபுரத்திலும் போட்டோம். இப்போது வேண்டுமென்றே வேப்பிலை போட்டு எடுத்துப் போகிறோம். செங்கல்பட்டில் ஒரு பெரியவர், "குடிச்சிடேன்யா, இன்னா ஆயிடும்!" என்று கீழேயிருந்து கத்தினார். "அவன் குடிக்காதன்னு சொல்லிட்டான் தாத்தா" என்றான் இவன். அதுவும் நாடகத்தில் இல்லாததுதான்.

இன்று எங்கள் ஊரில் கூழ். மனைவி அவனுக்கு முதல் கரண்டி மொண்டு, அந்தத் தூக்கின் பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, என்னைப் பார்த்துக்கொண்டே அடுப்படியில் வைத்தாள். தெருமுனையில் அவன் ஹாரன் சத்தம் கேட்கிறது. எழுந்து போக வேண்டும்.

2009, ஆடி மாதம், மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை.