குடைக்காரன் பாடிய உயரம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன் நான். ல, ள, ழ மூன்றும் என் கையில் இன்னும் இடம் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. இதைத் தட்டச்சு செய்யப்போகிற பிள்ளையும் பிறகு படிக்கிறவர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல முடிந்திருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இஞ்சி நசுக்கும் வாசனை வந்தால் இன்றும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். எனக்குப் பன்னிரண்டு வயதான அந்த வருடம், தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதமும், ஜெலுத்தோங் அடுக்குமாடியில் எங்கள் வீட்டில் இஞ்சியும் மிளகும்தான் மணத்தன. சேகர் அண்ணன் விடியுமுன் எழுந்து உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளித்து, இஞ்சிச் சாற்றைக் குடித்துவிட்டு, தண்ணீர்த் தொட்டி இருந்த மொட்டை மாடிக்கு ஏறிப்போய்க் கத்துவார். அவர் அதைப் பாட்டு என்பார். அம்மா "கத்தல்" என்பார். "விரலுக்கேத்த வீக்கம் வேணும்டா" என்று சொல்லிக்கொண்டே மறுநாளைக்கான இஞ்சியைத் தோல் சீவி வைப்பதும் அம்மாதான்.

அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அண்ணன் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர். "மாசோக், மாசோக், உள்ள போங்க லா, கதவுல தொங்காதீங்க!" என்று அவர் குரல் கொடுத்தால் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அந்தக் குரலில்தான் நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம்.

வேலை முடிந்தால் அண்ணன் நேராகக் காதர் பாயின் ரொட்டிக் கடைக்குப் போவார். பக்கத்து அடுக்குமாடி மனோ அண்ணன் அங்கே காத்திருப்பார். இருவருக்கும் வெள்ளைக்காரர்களின் ராக் பாட்டென்றால் பைத்தியம். ஆனால் ஆளுக்கொரு குழு. அந்தக் குழுக்களின் ஆங்கிலப் பெயர்களை எழுத எனக்கு வராது, அப்போது யாரும் சொல்லவும் இல்லை. காசெட் அட்டையில் ஐந்து பேர் ஒரே குடைக்குள் நின்றதால் அண்ணனுடையது "குடை". தண்டவாளத்தில் நால்வர் உட்கார்ந்திருந்ததால் மனோ அண்ணனுடையது "ரயில்". அடுக்குமாடி இளைஞர்கள் எல்லாருமே இந்த இரண்டு கட்சிகளில் ஒன்றில் இருந்தார்கள்.

"உங்க குடைக்காரன் எங்க ரயில்காரன் வீட்டு சாம்பார எடுத்துத் தண்ணி ஊத்தி விக்கிறான் மச்சான்," என்று மனோ அண்ணன் தொடங்குவார். "அந்தக் கித்தார் இழுப்பு யாரோடது? எங்க ஆளு மொத காசெட்லயே இழுத்துட்டான்."

"இழுத்தான், பாட்டு எங்க? ரயில் சத்தம்தான் இருக்கு. எங்க டிரம்காரன் அடியக் கேளு. அப்படியே நம்ம உறுமி மேளம்."

"ஆமா லா, லண்டன்லேருந்து தைப்பூசத்துக்குத் தண்ணிமலை ஏறி வந்து கேட்டுட்டுப் போனான்! பால்குடம் எடுத்தானா, காவடியா?"

கடையே சிரிக்கும். காதர் பாய் மட்டும் சிரிக்க மாட்டார். "ரெண்டு பேரு ஆளுங்களும் கறுப்பருங்க பாட்டத்தான் எடுத்திருக்கானுங்க. எங்க வாப்பா கப்பல்ல போனப்பவே அதையெல்லாம் கேட்டிருக்காரு. ஒரு தேத்தண்ணிய வச்சுக்கிட்டு மூணு மணி நேரம் என் மேசையப் புடிக்கிறீங்களே, அத யாருகிட்டேருந்து எடுத்தீங்க?"

ஒரு கட்சிக்காரன் மறு கட்சியின் பாட்டை வீட்டில் கேட்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். கேட்டால் "தாவிட்டான்" என்று மானத்தை வாங்கிவிடுவார்கள். கடையில் ரேடியோ கிடையாது. ஆகையால் வாயால் பாடிக் காட்டித்தான் சண்டை போட வேண்டும். இந்தச் சட்டத்தை அன்று வேடிக்கை என்றுதான் நினைத்தேன்.

குடைக்காரர்களின் ஒரு பாட்டில் பாடகன் மூன்று இடங்களில் வானத்துக்கு ஏறுவான். அந்த உயரத்தை அண்ணன் ஒருநாள் கடையில் தொட்டுக் காட்டப் பார்த்தார்; பாதியிலேயே குரல் உடைந்தது. "அந்த ஒசரத்துல மனுசன் பாட மாட்டான்டா, பூனைதான் பாடும்," என்றார் மனோ அண்ணன். அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. "தீபாவளிக் கலைநிகழ்ச்சியில நான் பாடுறேன். பாடிட்டா குடைதான் பெருசுன்னு மேடையில வந்து சொல்றியா?" என்றார். "சொல்றேன் லா. இல்லேன்னா நீ ரயில் ஏறணும்," என்றார் மனோ அண்ணன். இஞ்சி வாசனை எங்கள் வீட்டுக்கு வந்தது இப்படித்தான்.

நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் இருந்தபோது, என் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் வைக்க மனோ அண்ணன் வீட்டுக்கு அம்மா என்னை அனுப்பினார். அவருடைய அம்மா தையல்காரர். அறைக்குள் மனோ அண்ணன் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டே, காசெட் ரேடியோவில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் குடைக்காரர்களின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறி நிறுத்தினார். "டேய் தம்பி, கொற கண்டுபிடிக்கத்தான் வாங்கினேன். உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாத, என் மானம் போயிடும்," என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

நிறுத்துவதற்குள் நான் கேட்டுவிட்டேன். பாட்டுக்கு முன்னால் ஓர் ஆள் "ஒன், டூ, திரி" என்று எண்ணுவான். எங்கள் வீட்டுக் காசெட்டில் அது மெல்லிசான பையன் குரல். இங்கே எண்ணியது கனத்த தொண்டை உள்ள பெரிய ஆள். பாட்டும் நிதானமாக, ஒரு படி கீழே இறங்கி நின்றது. மனோ அண்ணனுடையது கடையில் வாங்கிய அசல். அண்ணனுடையது பாசார் ஓரத்தில் பதிவு செய்து வாங்கியது. பதிவு செய்யும் இயந்திரம் தேய்ந்து மெதுவாக ஓடியிருந்தால், அதில் எடுத்த காசெட் நல்ல ரேடியோவில் வேகமாகவும் உயரமாகவும் பாடும் என்பதை நான் பிறகு தெரிந்துகொண்டேன். அன்று எனக்குக் காரணம் தெரியாது. அண்ணன் துரத்திக்கொண்டிருந்த உயரத்தில் அந்த வெள்ளைக்காரனே பாடவில்லை என்பது மட்டும் தெரிந்தது. மனோ அண்ணனுக்கு அது தெரியவில்லை. அவருக்குச் சண்டை தெரியும், சுருதி தெரியாது.

மூன்று வாரம் அதை வாயில் வைத்திருந்தேன். ஒரே ஒருமுறை, அண்ணன் மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "அண்ணே, நம்ம காசெட்டு வேகமா ஓடுதோ?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யார்ரா சொன்னா? மனோவா? அவன் வீட்டுக்குப் போனியா?"

போனேன் என்றால் சத்தியம் போகும். இல்லை என்றால் எனக்கு எப்படித் தெரியும் என்பார். கீழே கிடந்த இஞ்சித் தோலைப் பொறுக்கத் தொடங்கினேன். "உனக்கென்னடா தெரியும் இங்கிலீஷ் பாட்டு," என்று எழுந்து போய்விட்டார். நான் எப்போதும் மூலையில் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அம்மா விளையாட்டாக ஒரு பழமொழி சொல்வார்: "ஊமை ஊரைக் கெடுக்கும்." அதன் பிறகு அதை விளையாட்டாகக் கேட்க என்னால் முடிந்ததில்லை.

தீபாவளி அன்று மாலை, அடுக்குமாடிக்குக் கீழே கெரேத்தா, அதாவது கார், நிறுத்தும் இடத்தில் பலகை போட்டு மேடை கட்டியிருந்தார்கள். கித்தார்க்காரர் அண்ணனின் காசெட்டைக் கேட்டுத்தான் சுருதி வைத்திருந்தார். மனோ அண்ணன் முன் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் முதல் உச்சியைத் தொட்டார், கூட்டம் விசிலடித்தது. இரண்டாவதையும் தொட்டார். மூன்றாவதில் ஏறி, இறங்காமல், கழுத்து நரம்பெல்லாம் விரலாய்ப் புடைக்க அப்படியே நின்றார். நான் என் காதைப் பொத்திக்கொண்டேன். பாட்டு முடிந்ததும் மனோ அண்ணன்தான் முதலில் மேடையில் ஏறி, ஒலிவாங்கியைப் பிடுங்கி, "குடைதான் பெருசு! ஒத்துக்குறேன் மச்சான்!" என்று கத்தினார். அண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. புறங்கையால் உதட்டைத் துடைத்துவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். விளக்கு வெளிச்சத்தில் அது சிவப்பாக இருந்தது.

தொண்டைக்குள் ஏற்கெனவே புண்ணாகிப்போன இடம் கிழிந்துவிட்டது என்றார் மருத்துவர். மாதக்கணக்கில் பேசக்கூடாது. பேசாமல் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்க முடியுமா? ஊதலை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் போனார். ஆட்கள் சிரித்தார்கள். பிறகு கிளம்பாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார். குரல் திரும்பவில்லை, கடைசிவரை ஈரத் துணியைக் கிழிப்பது போன்ற காற்றுச் சத்தம்தான். பிறகு ஜுரு என்ற ஊரில் இரும்புத் தகடு அடிக்கும் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே யார் குரலும் யாருக்கும் கேட்காது.

இடையில் இருந்த அந்தக் காலத்துக்கு வீட்டில் ஒருவர் சம்பாதிக்க வேண்டியிருந்தது. என் வகுப்பில் மற்றவர்கள் இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்புக்குச் சீருடை தைத்தபோது நான் டயர் கடையில் சேர்ந்தேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை. என் வாய் செய்த வேலைக்கு என் கை உழைத்தது, அவ்வளவுதான்.

அண்ணன் அதன்பின் காதர் பாய் கடைக்குப் போகவில்லை. மனோ அண்ணன் தனியே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். யாராவது ரயில், குடை என்று பேச்செடுத்தால், "எதிராளி இல்லாம என்னத்தப் பேசுறது லா," என்று எழுந்துவிடுவார்.

சில வருடம் கழித்து ஒருநாள் அண்ணன் எனக்குச் சோறு கொண்டுவந்திருந்தார். டயர் கடை ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. அந்தக் கனத்த குரல் ஒன், டூ, திரி என்று எண்ணியது. அண்ணன் சோற்றுப் பாத்திரத்தோடு அப்படியே நின்றார். "ஏன்டா இவ்ளோ எறங்கி இழுக்குது?" என்று காற்றுச் சத்தத்தில் கேட்டார். சொல்வதற்கு எனக்குக் கிடைத்த இரண்டாவது நேரம் அது. "பேட்டரி கம்மி அண்ணே," என்றேன். அண்ணன் ரேடியோவைப் பார்த்தார். அதன் பின்னாலிருந்து ஒரு கறுப்பு ஒயர் சுவரில் ஏறி மின்சாரத்தில் செருகியிருந்தது. அவர் கண் அந்த ஒயரோடு போனதா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாமலே இருந்தது. "சோறு ஆறிடும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் இந்தப் புரட்டாசியில் இறந்துவிட்டார். காரியம் முடிந்த அன்று அவர் மகன் பிரவின் அவருடைய கைபேசியை என்னிடம் கொண்டுவந்தான். "சித்தப்பா, அப்பா இதுல ஒரே ஒரு இங்கிலீஷ் பாட்டுதான் வச்சிருந்தாரு. வேலைக்குப் போற பஸ்ல தெனமும் கேப்பாருன்னு கூட வேல செஞ்சவங்க சொல்றாங்க," என்று சொல்லி அதைத் தட்டினான். ஒன், டூ, திரி. பெரிய ஆளின் குரல்.

அப்படியானால் அவருக்கு எத்தனையோ வருடமாகத் தெரியும். பேட்டரி என்று நான் சொன்னது என்னவென்றும் தெரியும். அத்தனை தீபாவளிகளில் எனக்கு எண்ணெய் வைத்துவிட்ட கையில் அதைப் பற்றி ஒரு கோபமும் இருந்ததில்லை. அதுதான் இப்போது என்னைத் தூங்க விடவில்லை.

"அப்பா இதே மாதிரி பாடினாருன்னு மனோ மாமா சொல்றாரு. நெசமா சித்தப்பா?" என்று பிரவின் கேட்டான். எழுதித் தருகிறேன் என்றேன்.

காதர் பாய் கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசிக்கு உறை விற்கிறார்கள். காசெட் பதிவு செய்த இடம் எதுவென்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. எந்தப் பாட்டும் இப்போது எல்லாக் கைகளிலும் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. யாரும் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. துக்க வருடம் என்பதால் நேற்று எங்கள் வீட்டில் விளக்கில்லை, பலகாரம் இல்லை. கீழே பிள்ளைகள் வெடி கொளுத்தும் சத்தத்தில் இதை எழுதத் தொடங்கி இன்று முடிக்கிறேன்.

பிரவின், இதே மாதிரி இல்லை. உன் அப்பா இதைவிட மேலே பாடினார். அது யாரும் பாடியிராத உயரம் என்று எனக்கு முன்பே தெரியும்.

ஜெலுத்தோங்,
தீபாவளிக்கு மறுநாள்.