சேவலிடம் கேட்ட சம்மதம்

ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் போகவில்லை. போயிருந்தால் நானும் ஒரு நீள மேசையில் உட்கார்ந்து, பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, ஒரே பேச்சை வருஷக்கணக்கில் பேசிக்கொண்டிருந்திருப்பேன். போகாததால் பிழைத்தேன். வெண்ணந்தூர்ப் பக்கம் தறி ஓட்டி வயிறு நிறையாத குடும்பத்தில் பிறந்து, லாரியில் முட்டை அடுக்கிய அட்டைகளை ஏற்றும் ஆளாக இருந்து, தீவன மூட்டை சுமந்து, கடைசியில் புதுச்சத்திரத்துக்கு உள்ளே தள்ளி ஐந்து கோழி ஷெட்டும் ஒரு தீவன மில்லும் போட்டவன். எவன் தோளையும் பிடித்து ஏறவில்லை. இதை எழுதுவதும் நானேதான். எழுத்தில் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை கிடையாது.

நாடுகளுக்குள் நடக்கும் விவசாய வியாபாரப் பேச்சைப் பற்றி எத்தனையோ படித்தவர்கள் எழுதுகிறார்கள். அவர்களில் ஒருவர் வீட்டு வாசலுக்காவது அந்தப் பேச்சு நேரில் வந்து செருப்பைக் கழற்றியிருக்குமா? என் வீட்டுக்கு வந்தது.

கடல் தாண்டி ஒரு பணக்கார நாடு. அங்கே நோய் விழுந்து கோழிகள் செத்ததில் முட்டைக்குத் தட்டுப்பாடு. நாமக்கல் முட்டையை வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். சும்மா இல்லை. அவர்கள் நெஞ்சுக்கறி மட்டும் விரும்பித் தின்கிறவர்களாம். மிஞ்சுகிற கோழிக்கால்களை ஐஸில் போட்டு நமக்கு அனுப்புவார்களாம். அதற்கு நாம் வரியைக் குறைக்க வேண்டுமாம். தன் இலையில் ஒதுக்கி வைத்ததைப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு விலைக்கு விற்கிற புத்தி. இதைப் பேசத்தான் இரண்டு பக்கத்தாரும் விமானத்தில் ஏறி ஏறி இறங்கினார்கள்.

சேலத்தில் ஒரு ஏசி ஓட்டலில் பண்ணைக்காரர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். எங்கள் ஆட்கள் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து, மைக்கைப் பிடித்து நன்றி சொல்லி, போட்டோ எடுத்துக்கொண்டு, முந்திரி பக்கோடாவைத் தின்றுவிட்டுப் போனார்கள். ஒருவனும் கருத்துச் சொல்லவில்லை. நான் மட்டும் எழுந்து, "அந்தக் கால் இங்க வந்தா எங்க பக்கத்துக் கறிக்கோழிக்காரன் எங்கீங்க போவான்?" என்று கேட்டேன். டெல்லியிலிருந்து வந்திருந்த அதிகாரி, பக்கத்திலிருந்தவர் மொழிபெயர்த்துச் சொன்னதும், நல்ல கேள்வி என்றார். நல்ல கேள்வி என்று சொன்னால் பதில் கிடையாது என்று அர்த்தம். லாரி ஆபீசிலேயே இதை நான் தெரிந்துகொண்டவன்.

ஆனால் என் மருமகளுக்கு அந்த ஒப்பந்தம் வேண்டும். பாங்கு வேலையை விட்டுவிட்டு வந்து பண்ணையைப் பார்க்கிறவள். மகன் போர்வெல் வண்டியோடு வடக்கே சுற்றுகிறான். முட்டைக்குத் தினமும் காலையில் ஒரு விலை அறிவிப்பார்கள். வாங்குகிற வியாபாரி அந்த விலைக்கும் வாங்க மாட்டான், அதிலும் கொஞ்சம் பிடித்துக்கொள்வான். இந்தப் பிடித்தத்துக்கு மைனஸ் என்று பெயர். அவளுக்கு இந்த வார்த்தையே ஆகாது.

"என்ற முட்டைக்கு ஒருத்தரு வெல சொல்றாரு, இன்னொருத்தரு அதுல கொறைக்கறாரு. நடுவுல நான் எதுக்குங்க மாமா?" என்பாள். "ஒரு தடவையாச்சும் நான் சொன்ன வெலைக்குப் போகோணும்."

அதற்காகக் கூலிங் ரூம் கட்டினாள். ஷெட்டுகளுக்குக் குருவி நுழையாத வலை போட்டாள். முட்டையை எடை பார்த்துப் பிரிக்கப் பெண்களைப் பழக்கினாள். ஒப்பந்தம் முடிகிற மாதிரி இருக்கிறது, முதலில் பண்ணைகளைப் பார்க்க வேண்டும் என்று அந்த நாட்டுக் கால்நடை அதிகாரி ஒருவர் வந்தார். அவர் எங்கள் பண்ணையைத் தேற விட்டால் அவளுடைய முட்டை கப்பலேறும். தள்ளிவிட்டால் மைனஸோடு கட்டிப் புரள வேண்டியதுதான். விதிகளில் தலையானது, முட்டைக்கோழியைத் தவிர வேறு எந்தப் பறவையும் வேலிக்குள் இருக்கக் கூடாது.

வந்தவர்கள் மூன்று பேர். அந்த வெளிநாட்டு அதிகாரி, சேலத்தில் பார்த்த டெல்லிக்காரர், மொழிபெயர்க்க எங்கள் பக்கத்துக் கால்நடை டாக்டர். மருந்துத் தண்ணீரில் காலை நனைத்து, வெள்ளை அங்கி மாட்டி, ஷெட்டு ஷெட்டாக நடந்தார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. எப்படி இருக்கும்? பண்ணை என்னுடையது.

கடைசியில் தீவனக் கிடங்குக்கு வந்தோம். மக்காச்சோளம் எங்கிருந்து வருகிறது என்று வெளிநாட்டுக்காரர் கேட்டார்.

"எங்க காடுதானுங்க," என்றேன். எங்கள் பக்கம் நிலத்தைக் காடு என்போம்.

தண்ணீர்? கிணறு. கரண்டுக்குப் பணம்?

"ஷெட்டுக்குக் கட்டறமுங்க. காட்டுக் கெணத்துக்குக் கெடையாது."

அதை அவர் குறித்துக்கொண்டார். டாக்டர் என் பக்கம் குனிந்து, "இலவசக் கரண்டுல சோளம், சோளத்துல தீவனம், தீவனத்துல முட்டை. அப்ப முட்டைக்குள்ள கவர்மெண்டு காசு இருக்குதாமுங்க. பேச்சுல இதையும் எடுப்பாங்களாம்," என்றார்.

"அப்படீன்னா முட்டைய ஒடச்சு அந்தக் காச மட்டும் தனியா எடுத்துக்கச் சொல்லுங்க."

"அப்படியெல்லாம் சொல்ல முடியாதுங்க."

"செரி, அவிய ஊர்ல வெவசாயிக்கு ஒண்ணுமே குடுக்கறதில்லையாமா?"

கேட்டார். வெளிநாட்டுக்காரர் ஒளிக்காமல் சொன்னார். கொடுக்கிறார்களாம். சில இடத்தில் நிலத்தைச் சும்மா போட்டு வைப்பதற்கே கொடுக்கிறார்களாம்.

"ஆனா அது வேற பொட்டியாமுங்க," என்றார் டாக்டர்.

"என்ன பொட்டி?"

"காசு குடுக்கறதக் கலர் கலராப் பொட்டி போட்டுப் பிரிச்சிருக்கறாங்க. பச்சப் பொட்டியில வெச்சுக் குடுத்தா வியாபாரத்தக் கெடுக்காதாம். நம்முளுது வேற கலருல வருதாம்."

எங்கள் சந்தையில் எடையில் அடிக்கிறவனைப் பார்த்திருக்கிறேன். அவன்கூடத் தராசுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டு நியாயம் பேச மாட்டான். இத்தனை படிப்பும் இத்தனை விமானமும் பெட்டிக்குக் கலர் அடிக்கத்தானா என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. டெல்லிக்காரர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்கு நான் சிரித்தது மட்டும் புரிந்தது.

அப்போதுதான் வெளிநாட்டுக்காரர், மூட்டைகளுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருந்த கோழிக்கூடையைத் தூக்கினார்.

உள்ளே ஒரு நாட்டுச் சேவல். நல்ல சிவப்பு, காலில் மஞ்சள் துணி. வெளிச்சத்தைக் கண்டதும் எழுந்து நின்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது.

என் மருமகள் மாமியார் பக்கம் திரும்பினாள். அந்தச் சேவலை அப்புறப்படுத்தச் சொல்லி என் வீட்டுக்காரியிடம் அவள் எத்தனையோ முறை சொல்லியிருந்தாள். இவளும் தலையாட்டியிருந்தாள்.

"ஏனுங்க அத்தெ, அத அனுப்பிச்சாச்சுன்னீங்களே?"

"அனுப்பத்தான் இருந்தேன் சாமி," என்றாள் இவள். "கருப்பனாருக்கு நேர்ந்து உட்டத எல்ல தாண்டிக் கொண்டு போனா வேண்டுதல் முறிஞ்சு போகுமில்ல?"

"என்ன வேண்டுதலுங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"இவிய இந்தப் பண்ணையப் பாஸ் பண்ணோணும்னுதானுங்க."

டாக்டர் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். டெல்லிக்காரர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். வெளிநாட்டுக்காரர் சிரிக்கவில்லை. இறக்கையில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிறேன், நோய் இல்லாவிட்டால் ஆட்சேபம் இல்லை, பிறகு சேவலை வெளியேற்றிவிட வேண்டும் என்றார். ரத்தம் எடுக்க விடாவிட்டால் பண்ணையைப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரி சேவலை மடியில் எடுத்துக்கொண்டாள்.

"ரத்தங் குத்துன சேவலக் கருப்பனாரு ஏத்துக்குவாரா? ஊனமில்லாததத்தான குடுக்கோணும்?"

"அத்தெ, ஒரே ஒரு சொட்டுதானுங்க."

"ஒரு சொட்டுன்னாலும் அது அவரு சொட்டு, அம்மிணி."

மருமகள் என்னைப் பார்த்தாள். அவள் அழுகிற ஆள் இல்லை. ஆனால் கூலிங் ரூமின் கதவுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். எனக்கு வேண்டுதல் பேச்சிலும் பெரிய மரியாதை கிடையாது. நான் ஷெட்டு போட்டது என் முதுகால், எந்தச் சாமியாலும் அல்ல. சேவலைப் பிடுங்கி நானே இறக்கையை விரித்துக் காட்டியிருக்க முடியும். ஆனால் அட்டை சுமந்த காலத்திலிருந்து என்னோடு கஞ்சி குடித்தவள் மடியிலிருந்து எதையும் நான் பிடுங்குவதில்லை. அங்கே நின்ற படித்தவர்கள் ஒருவருக்கும் வழி தோன்றவில்லை. எனக்குத்தான் தோன்றியது.

"சேவல் அவருதுன்னா அவரையே கேளு. துளுக்குக் கேட்டர்லாம்," என்றேன்.

கோயிலில் கிடா வெட்டுவதற்கு முன்னால் அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். அது உடம்பைச் சிலுப்பிக்கொண்டால் சாமி சம்மதித்தது என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் யாரும் கத்தியை எடுக்க மாட்டார்கள். அதுதான் துளுக்கு. இவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "அவரு செரின்னா எனக்கென்ன?" என்றாள்.

சொம்பில் மஞ்சள் கரைத்து வந்தாள். கிடங்கு வாசலில் சேவலை நிறுத்திக் கிழக்கே பார்த்துக் கும்பிட்டுத் தண்ணீரைத் தெளித்தாள். சேவல் அசையவில்லை. மறுபடி தெளித்தாள். கழுத்தைச் சாய்த்து டெல்லிக்காரரின் ஷூவைப் பார்த்தது, அவ்வளவுதான்.

டெல்லிக்காரருக்குக் கோயம்புத்தூரில் விமானம் பிடிக்க வேண்டும். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்.

"அவிய பேச்சு ஆரம்பிச்சு எத்தன வருசமாச்சுன்னு கேளுங்க டாக்டர்," என்றேன். "சேவல் இப்பத்தான் மொதக் கூட்டத்துக்கே வந்திருக்குது."

டாக்டர் இதை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் இருமினார்.

மருமகள் முன்னால் வந்து சொம்பை வாங்கினாள். கும்பிடவில்லை, கண்ணை மூடவில்லை. தண்ணீரைக் கையில் அள்ளிச் சேவலின் முதுகில் விட்டு, "உனக்கே நல்லாத் தெரியும்," என்று மட்டும் சொன்னாள். என்ன தெரியும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. சேவல் இரண்டு எட்டு வைத்தது. பிறகு தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்பு. மஞ்சள் தண்ணீர் டெல்லிக்காரரின் சட்டையெல்லாம் தெறித்தது.

"குடுத்துட்டாரு," என்றாள் என் வீட்டுக்காரி. சேவலை அவளே பிடித்துக்கொண்டாள். வெளிநாட்டுக்காரர் முழங்காலிட்டு உட்கார்ந்து ரத்தம் எடுத்தார். கை சுத்தமான கை. சேவல் கத்தவே இல்லை. பெட்டிக்குக் கலர் அடிக்கிற ஊரிலும் வேலை தெரிந்தவன் ஒருவன் இருக்கிறான் என்று ஒத்துக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலமே சேவலை எல்லைக்கு அந்தப் பக்கம் கோயில் பூசாரி வீட்டில் விட்டோம். சாமி சம்மதம் கொடுத்த பிறகு அதில் முறிவு இல்லையாம். ரத்தத்தில் நோய் இல்லை என்று வந்தது. பண்ணை தேறிவிட்டது. மருமகள் அட்டைப்பெட்டிக்கு ஆர்டர் கொடுக்கப் போனவள், ஒரு வாரம் பொறுக்கலாம் என்று திரும்பி வந்தாள். அதுதான் அவளுடைய புத்தி.

ஏனென்றால் வரி குறைப்பதில் அங்கே பேச்சு முட்டிக்கொண்டது. காலோடு பால் பவுடரையும் சேர்த்துக்கொள் என்றார்களாம் அவர்கள். நம்மவர்கள் முடியாது என்றார்களாம். காலுக்கு முடியாது என்று சொல்லியிருந்தால் நானே மாலை போட்டிருப்பேன். பவுடருக்குத்தான் அவர்களுக்கு ரோஷம் வந்தது. இரண்டு பக்கமும் கைகுலுக்கி, பேச்சு நல்லபடியாக முன்னேறியது என்று டிவியில் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய்விட்டார்கள். முட்டையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. இவ்வளவு மட்டமாக ஒரு லோடை இறக்கியிருந்தால் என்னை அன்றைக்கே லாரியை விட்டு இறக்கியிருப்பார்கள்.

வீட்டில் புதுச் சண்டை. சேவலைக் கருப்பனாருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றாள் என் வீட்டுக்காரி. ஒரு முட்டைகூடப் போகவில்லையே, எதற்குக் கொடுப்பது என்றேன்.

"நான் கேட்டது பாஸ் பண்ணோணும்னு. பண்ணியாச்சு. உங்க பேச்சுவார்த்தைய எல்லாங் கருப்பனாரு தலையில கட்ட முடியுமுங்களா? அது அவரு வேலையில்ல."

மருமகள் கணக்கு நோட்டை மூடி வைத்தாள். பிறகு, "அத்தெ சொல்றது செரிதானுங்க மாமா. குடுத்தர்லாம்," என்றாள். அந்த வாரத்திலேயே பாலக்காட்டுக்குப் போய் வந்தாள். அங்கே பேக்கரிக்காரர்களுக்கு எடை பிரித்த, அழுக்கில்லாத முட்டை வேண்டும். கப்பலுக்கென்று பழக்கி வைத்த பெண்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். மைனஸ் முழுதாகப் போகவில்லை. நாலைந்து கடைக்காரர்கள் மட்டும் அவள் சொன்ன விலைக்கு எடுத்தார்கள். கப்பல் என்று நினைத்ததற்கு இது ஒரு வண்டிக்கும் குறைவு. அதை அவளும் மறைக்கவில்லை.

பூசை நாளில் சேவலைக் கொடுத்து, கோயில் மரத்தடியிலேயே குழம்பு வைத்துத் தின்றோம். கை கழுவும்போது மருமகளுக்கு டாக்டரிடமிருந்து போன் வந்தது. பேச்சு மறுபடி தொடங்கப் போகிறதாம். பண்ணையில் இப்போது வேறு பறவை எதுவும் இல்லைதானே என்று டெல்லிக்காரர் உறுதி கேட்கிறாராம்.

"இல்லீங்க டாக்டர், இப்பத்தான் சாப்புட்டு முடிச்சோம்," என்றாள். அந்தப் பக்கம் என்ன கேட்டாரோ, "இல்லீங்க, சேலத்துக் கூட்டத்துக்கு மாமா வர மாட்டாரு. நானும் வர்றதுக்கில்ல. முட்டைய எடுத்துக்கறதுன்னு முடிவானா மட்டுஞ் சொல்லுங்க, அதுக்கு முன்னாடி கூப்புட வேண்டாம். பாலக்காட்டு வண்டி நிக்குது, அட்ட ஏத்தோணும்," என்று சொல்லி போனை வைத்துவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பண்ணைப் பக்கம் நடந்தாள்.