கையை எடுத்த பிறகுதான் பிழைத்தேன்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலக் காலையில், பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் நடந்தது இது. தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம்.

முழங்கால் வலியால் மலையேறிக் கொழுந்து பறிக்க முடியாமல் போனபோது, பெரிய மனதோடு எனக்கு ஸ்டோரில் தூள் சலிக்கும் அறையில் வேலை கொடுத்திருந்தார்கள். சேர்ந்து மூன்று மாதம்தான். அதையும் கெடுத்துக்கொண்டால் திரும்ப மலைக்குத்தான் போக வேண்டும்.

கல்யாண வீட்டுக்காக இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு அன்றுதான் வந்திருந்தேன். பருமனான தூளுக்கு ஒரு தொட்டி, மெல்லிய தூளுக்கு ஒரு தொட்டி. நான் இல்லாத நாட்களில் இரண்டையும் இடம் மாற்றியிருக்கிறார்கள். ஏதோ வித்தியாசமாகத் தெரிந்தது. கேட்கலாமென்று வாய் வரை வந்தது; கூச்சத்தில் கேட்கவில்லை. பழைய ஞாபகத்தில் மெல்லிய தூள் மூன்று சாக்கைப் பருமனான தூளின் மேல் கொட்டிவிட்டேன்.

உள்ளே பார்த்ததும்தான் தொட்டி மாறிப்போனது தெரிந்தது. யாரும் கவனிக்கவில்லை. மேலாக அள்ளி எடுத்துவிடலாமென்று இரண்டு கையையும் விட்டேன். அள்ள அள்ள மெல்லிய தூள் சரிந்து உள்ளே இறங்கியது. அவசரப்பட்டுக் கிளறினேன். இரண்டு தூளுக்கும் நடுவே முதலில் தெரிந்த கோடும் மறைந்துவிட்டது.

பக்கத்து மெஷினில் நின்றவள் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, அரிசி களையிறீங்களா?" என்று சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "போய் ஐயாகிட்ட சொல்லுங்கக்கா" என்றாள்.

தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடம் எப்படிப் போய் நின்றேன் என்று தெரியவில்லை. அவர் ஓடி வந்து தொட்டியைப் பார்த்தார்.

"கொட்டினதோட விட்டிருந்தா பாதிய மேலாலயே அள்ளியிருக்கலாமே. ஏம்மா கிளறுன?"

அவர் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். பிறகு முகத்தில் இறுக்கம் குறைந்தது.

"ரெண்டும் வேற வேற சைஸு. சலிச்சா பிரிஞ்சிரும். ஒரே சைஸா இருந்திருந்தா சாமியே வந்தாலும் பிரிக்க முடியாது. போ, தண்ணி குடிச்சிட்டு வா."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. சாயங்காலம் வரை மூன்று பேர் சலித்தோம். தூள் பிரிந்தது. ஆனால் மறுபடி உரசியதில் அதன் கருமை கொஞ்சம் வெளிறி, நரைத்தாற்போல் இருந்தது. ஐயா அதைப் பார்த்தும் என்னை மலைக்கு அனுப்பவில்லை.

வீட்டில் மகள் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படித்துக்கொண்டிருந்தாள். எந்திரப்பி, எந்திரப்பி என்று அவள் விடியற்காலையில் சத்தமாகப் பாடமாக்குவது எனக்குக் காதில் விழும், புரியாது. அன்று நடந்ததைச் சொன்னதும் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"அம்மா, இதத்தான் நாங்க மூணு வாரமா படிக்கிறோம்! கலையிறது தானா நடக்கும். ஆயிரம் விதமா கலஞ்சு கெடக்கலாம், பிரிஞ்சு இருக்கிறதுக்குக் கொஞ்ச வழிதான். அந்தக் கலையுற அளவுக்குப் பேர்தான் எந்திரப்பி. தானா அது கொறையாது."

"நாங்கதான் பிரிச்சிட்டோமே?" என்றேன்.

"சும்மாவா பிரிஞ்சிச்சு? மெஷினுக்குக் கரண்டு, மூணு பேருக்கு இடுப்பு வலி. இங்க சீராக்க வேற எங்கயோ செலவாகும்மா."

இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு ஒரு பெரிய பாடம் முழுதாகப் புரிந்தது அன்றுதான்.

இன்றும் ஸ்டோரில்தான் வேலை செய்கிறேன், கூச்சமும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் ஏதாவது பிசகிவிட்டால், மறைக்கப் பார்த்துக் கிளறாமல் முதலில் கையை வெளியே எடுத்துவிடுகிறேன்; கோடு மறையும் முன்னே யாரிடமாவது போய்ச் சொல்லிவிடுகிறேன்.