வாசம் தெரியாதவள் சுட்ட கத்தரிக்காய்

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஐஸ் கம்பெனியைத் தாண்டியதும் ஒரு வேப்பமரம் நிற்கும். அதனடியில்தான் விக்டோரியாவின் சுட்ட மீன் கடை. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நீளவாக்கில் வெட்டிய தகர டிரம், அதற்குள் கரி, மேலே கம்பிவலை, பக்கத்தில் இரண்டு பெஞ்சு. ஆனாலும் மத்தியானமானால் லாரி டிரைவர்களும் உப்பளத்து ஆட்களும் கிழிந்த வலை பொத்துகிறவர்களும் வந்து பெஞ்சை நிறைத்துவிடுவார்கள்.

அவள் கைப்பக்குவம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அவளுடைய மூக்கு. ஏலக்கூடத்தில் கூடைக்கு முன்னால் குனிந்து ஒரு தடவை மூச்சை இழுப்பாள். “இது நேத்தே ஐஸ்ல கெடந்தது, வேண்டாம்” என்று அடுத்த கூடைக்குப் போய்விடுவாள். வியாபாரிகள் அவளிடம் வாதாடுவதில்லை. விக்டோரியா எடுத்த கூடை எது என்று பார்த்து, அதே படகு மீனைக் கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு.

கொரோனா ஊரடங்கெல்லாம் முடிந்து கடைகள் திறந்த பிறகுதான் அவளுக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. சில நாள் படுத்தாள், எழுந்தாள், கரியைப் பற்ற வைத்தாள். அன்றைக்கு அடுப்புக்கு முதுகைக் காட்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, விசைப்படகில் டிரைவராக இருக்கிற அவள் கணவன் ஜெஸ்டின் சாலையிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தான்.

“ஏளா, மீன் கருகுது. தெரியலையா?”

திரும்பிப் பார்த்தாள். கம்பிவலை மேல் ஊளி மீன் கரிக்கட்டையாகிப் புகைந்துகொண்டிருந்தது. கையிலிருந்த வெங்காயத்தை மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு கொத்து மல்லியைக் கசக்கி மோந்தாள். பிறகு மண்ணெண்ணெய் பாட்டிலைத் திறந்து மோந்தாள். பாட்டிலை மூடி வைத்துவிட்டு, “எனக்கு ஒண்ணுமே தெரியலங்க” என்றாள்.

ஆஸ்பத்திரியில், சிலருக்கு வாசம் வாரக் கணக்கில் திரும்பும், சிலருக்கு மாதக் கணக்காகும், சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம் என்றார்கள். அதற்கு மேல் சொல்ல அவர்களிடமும் ஒன்றும் இல்லை.

கொஞ்ச நாள் கண்ணை வைத்துச் சமாளித்தாள். செவுளின் சிவப்பு, கண்ணின் பளபளப்பு, விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா என்று பார்த்து வாங்கினாள். ஒருநாள் வாங்கிய சூரை மீன் எல்லாவற்றிலும் தேறியது. ஜெஸ்டினின் தங்கை ஜெஸ்மிதான் கடையில் மீன் அறுத்துக் கொடுப்பாள். கடைசி மீனின் வயிற்றைக் கீறியவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“மைனி, இது ஆகாது. வாடை அடிக்கு.”

அதற்குள் முதல் மீன் நெருப்பில் இருந்தது. பெஞ்சில் ஆட்கள் காத்திருந்தார்கள். மீன் தீர்ந்துபோச்சு என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. விக்டோரியா கம்பிவலையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

“இன்னைக்கு மீன் கெட்டது. எனக்கு மூக்குல வாசம் தெரிய மாட்டேங்கு, காய்ச்சலுக்கு அப்புறம். அதான் பாத்து வாங்கத் தெரியல. வேற கடையில சாப்பிட்டுக்கோங்க.”

சொல்லிவிட்டுக் கரியில் தண்ணீரை ஊற்றினாள்.

சாயங்காலம் ஜெஸ்டின் சமாதானம் சொன்னான். “நான் மோந்து பாத்துச் சொல்லுதேன். நான் கடலுக்குப் போயிட்டா ஜெஸ்மி இருக்கா. இதுக்குப் போயி கடையை மூடுவாகளா?”

“என் மூக்க நம்பித்தானே வாராக” என்றாள் அவள். “உங்க மூக்க என் மூக்குன்னு சொல்லி விக்கவா?”

கடை மூடிக் கிடந்தது. வீட்டில் சோறு காகிதத்தைச் சவைப்பதுபோல் இருந்தது அவளுக்கு. சமைப்பாள், ஆனால் அடுப்படியில் நிற்கப் பிடிக்காமல் வெளியே வந்துவிடுவாள். முன்பெல்லாம் காற்று திரும்பினால் கடல் வாடை முதலில் அவளுக்குத்தான் எட்டும். இப்போது கடற்கரையிலேயே நின்றாலும் எங்கே நிற்கிறோம் என்பது மூக்குக்குத் தெரியவில்லை. அழுததை ஜெஸ்மி ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள்.

சித்திரை பிறந்ததும் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. படகுகளெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. வெயில் தகரக் கூரையைத் தாண்டி வீட்டுக்குள் இறங்கியது. சூடான குழம்பை யாரும் தொடவில்லை. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காயைச் சுட்டுத் தரச் சொன்னான் ஜெஸ்டின். வீட்டுக்குள் இன்னொரு அடுப்பை மூட்ட மனமில்லாமல், கொல்லையில் கிடந்த பழைய டிரம்மில் கரியைப் போட்டாள்.

பெரிய கத்தரிக்காய்களில் எண்ணெயைத் தடவி, கத்தியால் அங்கங்கே குத்தி, கம்பிவலையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். முதலில் தோலின் மினுமினுப்பு போனது. பிறகு தோல் சுருங்கி வெடித்தது. உள்ளிருந்து நீர் கசிந்து கரியில் விழுந்து ‘சுர்’ரென்றது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் குறைந்தது. காம்புக்கடியில் விரலால் அழுத்தினாள், பஞ்சுபோல் அமுங்கியது. எடுத்துத் தோலை உரித்தபோது உள்ளே ஒரு இடத்தில்கூடப் பச்சையில்லை. மூக்கைக் கேட்காமலே ஒரு பண்டம் பக்குவமாக வந்திருந்தது. இரண்டு மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் தானாக இன்னொரு காயை எடுத்து நெருப்பில் வைத்தாள்.

மேலே ஊற்றச் சாறு வேண்டும். வாசம் போனாலும் நாக்குக்குப் புளிப்பும் இனிப்பும் உப்பும் உறைப்பும் தெரிகின்றன என்பதை அவள் ஏற்கெனவே கவனித்திருந்தாள். அந்த நான்கை மட்டும் வைத்தே தொடங்கினாள். சின்ன வெங்காயத்தையும் மிளகாய் வற்றலையும் கரியிலேயே சுட்டு அரைத்தாள். புளியைக் கரைத்து விட்டாள். உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தாள். இறக்கிய பிறகு, கடற்கரைக்காரர்கள் வினாகிரி என்று சொல்கிற வினிகர் கொஞ்சம், நல்லெண்ணெய் கொஞ்சம். ஆறினால் தேன் பதத்தில் இருக்க வேண்டும். முதல் நாள் இனிப்பு தூக்கியது. அடுத்த நாள் புளிப்பு பல்லைக் கூச வைத்தது. வீட்டில் எல்லோருக்கும் கத்தரிக்காய் அலுத்துப்போன பிறகுதான் அது சரியாக வந்தது. தட்டை வழித்து நக்கிவிட்டு ஜெஸ்மி சொன்னாள்: “மைனி, கடையைத் தொறங்க.”

வேப்பமரத்தடியில் மறுபடியும் புகை எழுந்ததும் முதலில் வந்தவர் வலை பொத்துகிற பவுல் அண்ணாச்சி. கம்பிவலையைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

“என்ன தாயி, மீன் கடையில காய்கறி விக்க? இதத் தின்னுட்டு வெயில்ல உக்காந்து வலை பொத்த முடியுமா?”

“தின்னுட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி. பிடிக்கலன்னா எழுந்து போங்க.”

மோர் விட்ட குளிர்ந்த சோறு, பக்கத்தில் ஆறிய கத்தரிக்காய், மேலே கருஞ்சிவப்பாகச் சாறு. அவர் தட்டைக் காலி செய்தார். எழுந்து கை கழுவியவர் திரும்பவும் வந்து உட்கார்ந்து, “இன்னொண்ணு வையி” என்றார். மறுநாள் தன்னோடு வேலை பார்க்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். யார் புதிதாக வந்தாலும் விக்டோரியா முதலிலேயே சொல்லிவிடுவாள், எனக்கு வாசம் தெரியாது, குறையிருந்தா சொல்லிருங்க என்று. அப்படிச் சொல்லிச் சோறு போட்ட கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சனங்களும் ஒளிக்காமல் சொன்னார்கள். எண்ணெய் சிக்கு வாடை அடிக்கு, இன்னைக்குப் புகை கூடிப்போச்சு என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டே திருத்திக்கொண்டாள். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன பிறகும் அவள் மீனுக்குத் திரும்பவில்லை.

அடுத்த வருஷம் பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம், மாதா கோயிலில் கஞ்சி காய்ச்சும் பொறுப்பிலிருந்த ஞானதீபம் அக்கா அவளைத் தேடி வந்தாள். சிலுவைப்பாதை முடிந்து வருகிற சனத்துக்கெல்லாம் கஞ்சி ஊற்றுவது அந்தப் பங்குக் கோயிலின் வழக்கம். சமைக்கிறவர்களும் நோன்பு. பங்குச் சாமியார் வந்து சாப்பாட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கும்வரை யாரும் எதையும் நாக்கில் வைக்க மாட்டார்கள்.

“போன வருஷம் துவையல்ல ரெண்டு பேரு உப்பைப் போட்டுட்டாளுவ” என்றாள் ஞானதீபம். “ருசி பாக்காம சமைக்க உன்னை விட்டா யாரு இருக்கா?”

“எனக்கு மூக்குதானக்கா இல்ல. நாக்க வச்சுத்தான் சாறே வைக்கேன். அதுவும் கூடாதுன்னா?”

“ஒரு வருஷமாச் செஞ்ச கைதானே. வா.”

மூக்கும் நாக்கும் இல்லாமல் ஊருக்கே சமைப்பதை நினைத்து அந்த வாரம் முழுக்க அவளுக்குப் பயம்தான். வீட்டில் கண்ணை மட்டும் வைத்துச் சாறு காய்ச்சி, பிறகு ருசி பார்த்துப் பழகினாள். பெரிய வெள்ளியன்று கோயில் வளாகத்தில் வரிசையாகச் செங்கல் அடுக்கிக் கரி போட்டார்கள். பெண்கள் கத்தரிக்காயைத் திருப்ப, எது எடுக்கும் பதம் என்று அவள் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே நடந்தாள். சாற்றை விரலில் தொட்டு உருட்டிப் பார்த்தாள். கரண்டியிலிருந்து விழுகிறபோது கம்பிப் பதம் வந்ததா என்று பார்த்தாள். உப்பைத் தன் கையால் மட்டும் அள்ளிப் போட்டாள். வேறு யாரையும் உப்புப் பக்கம் விடவில்லை.

சிலுவைப்பாதை முடிந்து வெயிலில் வாடிய முகங்களோடு சனம் வந்து உட்கார்ந்தது. சாமியார் மந்திரித்ததும் கஞ்சியும் சாறு ஊற்றிய கத்தரிக்காயும் பந்திக்குப் போயின. ஓரமாகத் தூணில் சாய்ந்து நின்ற விக்டோரியா யார் முகத்தையும் பார்க்கத் துணியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானதீபம் ஒரு வாய் வைத்தாள், இன்னொரு வாய் வைத்தாள்.

“ஏளா விக்டோரியா, பெரிய வெள்ளிக்கு இவ்வளவு ருசி ஆகாது” என்றாள். “நோன்புக்கும் ஒறுத்தலுக்கும் அர்த்தம் இல்லாமப் போச்சு.” சொல்லிக்கொண்டே சாற்றுப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் விக்டோரியா உட்கார்ந்து தனக்கும் ஒரு தட்டில் கஞ்சி ஊற்றிக்கொண்டாள்.

இப்போது கொஞ்சம் கொஞ்சமாக வாசம் திரும்புகிறது. ஆனால் கோணலாக. காப்பி இன்னும் ரப்பர் எரிகிற மாதிரி இருக்கிறதாம். போன மாதம் ஒருநாள், கரியில் வெங்காயம் சுடுகிற வாசம் லேசாகத் தெரிந்ததாக ஜெஸ்மியிடம் சொன்னாள். கடலில் இருக்கிற அண்ணனுக்கு உடனே போன் போடட்டுமா என்று ஜெஸ்மி துள்ளினாள்.

“கரைக்கு வரட்டும், நானே சொல்லிக்கிடுதேன்” என்றாள் விக்டோரியா. பெஞ்சில் ஆள் காத்திருந்தது. வெந்த காயை எடுத்துத் தோலை உரிக்கத் தொடங்கினாள்.